அடினோ வகைப் புற்று என்றால் சிகரெட்டுக்குச் சம்பந்தமில்லையா?

28 மே, காலை. பர்மாவின் மோல்மேன் ஊர்த் தம்பியின் கேள்வி

"அண்ணே, என் அண்ணிக்கு 46 வயது. சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. நுரையீரலில் புற்று, அடினோ வகை என்று ரங்கூனில் சொல்லிவிட்டார்கள். எங்கள் பெரியப்பா ஸேபோலெய் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே எண்பதைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தார். அண்ணன் தினம் ஒரு பாக்கெட் பிடிப்பவன். 'புகையால் வருவது வேறு வகை, இது அந்த வகையே இல்லை, அதனால் நான் விடத் தேவையில்லை' என்கிறான். இன்டர்நெட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். நிஜமா?"

28 மே, இரவு

தம்பி, முதலில் அண்ணிக்கு என்ன வைத்தியம் என்று முடிவாகட்டும், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ரங்கூனில் ஒரு திசுப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் பிளாக் (மெழுகில் பதித்த திசுத் துண்டு) வெட்டி, ஸ்லைடுக்குச் சாயம் போட்டுக் கொடுத்தவன். டாக்டர் பார்க்கும் முன் அந்தக் கண்ணாடித் துண்டைப் பார்ப்பது நாங்கள்தான், அதனால் வகை பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும்.

நுரையீரல் புற்றை முதலில் இரண்டாகப் பிரிப்பார்கள். சிறு செல் வகை, சிறு செல் அல்லாத வகை. நூறு பேரில் சுமார் 15 பேருக்கு முதல் வகை, மீதி எல்லாம் இரண்டாவது. அந்த இரண்டாவதற்குள் அடினோகார்சினோமா, ஸ்குவாமஸ், பெருஞ்செல் என்று உட்பிரிவுகள். அடினோ என்பது சளி சுரக்கும் சுரப்பி மாதிரி வளரும் புற்று. பெரும்பாலும் நுரையீரலின் ஓரத்தில், சின்ன மூச்சுக்குழல்கள் முடியும் இடத்தில் வரும். ஸ்குவாமஸ் நடுவில், பெரிய குழாய்களின் உள்சுவரில் வரும். ஸ்லைடில் பார்த்தால் இளஞ்சிவப்பாகச் சுருள் சுருளாக முத்து போலத் தெரியும். சிறு செல் முழுக்க நீலம், உள்ளே கரு மட்டும்தான் இருக்கிற மாதிரி, ஊசியில் எடுத்த துண்டு நசுங்கினால் மை இழுவின மாதிரி ஆகிவிடும்.

உன் அண்ணன் சொல்வது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். லைவ் க்ரைபெர்க் என்ற நார்வே திசு நிபுணர் 1962இல் இந்த வகைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார். ஸ்குவாமஸும் சிறு செல்லும் முதல் கூட்டம், இது புகையால் வருவது. அடினோ இரண்டாவது கூட்டம், இதற்கும் புகைக்கும் தொடர்பு குறைவு அல்லது இல்லை என்றார். 1964இல் வந்த அமெரிக்க சர்ஜன் ஜெனரல் (அந்த நாட்டு அரசின் தலைமைச் சுகாதார அதிகாரி) அறிக்கையும் அடினோ விஷயத்தில் தயங்கித்தான் பேசியது. அன்று கையில் இருந்த கணக்கு அவ்வளவுதான். அதற்குப் பிறகு அறுபது வருடம் ஓடிவிட்டது, ஆனால் அந்தப் பழைய பிரிவினை மட்டும் டீக்கடை வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

29 மே

இங்கே படிக்கும் இன்செயின் ஊர் அக்கா ஒருவர் "எண்ணிக்கை இருந்தால் போடுங்கள், சும்மா தொடர்பு தொடர்பு என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்" என்கிறார். சரி.

2012இல் ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து ஒரு பெரிய கணக்குப் போட்டார்கள். தினம் 30 சிகரெட்டுக்கு மேல் பிடிக்கும் ஆண்களை, வாழ்நாளில் பிடிக்காத ஆண்களோடு வைத்துப் பார்த்தால், சிறு செல் வர வாய்ப்பு சுமார் 111 மடங்கு. ஸ்குவாமஸ் சுமார் 103 மடங்கு. அடினோ சுமார் 22 மடங்கு.

அண்ணன் மாதிரி ஆட்கள் 111ஐயும் 22ஐயும் பக்கத்தில் வைத்து "பார், அடினோவுக்குக் குறைவுதானே" என்பார்கள். 22 மடங்கு என்பது குறைவா? வேறு எந்த நோயிலாவது ஒரு பழக்கம் வாய்ப்பை 22 மடங்கு ஏற்றுகிறது என்றால் ஊரே அலறும். பக்கத்தில் 111 நிற்பதால்தான் இது சின்னதாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புகை பிடிக்காதவர்களுக்கு நுரையீரல் புற்று வந்தால் அது பெரும்பாலும் அடினோதான், அது உண்மை. அதைத் தலைகீழாகத் திருப்பி "அடினோ வந்தவர்கள் எல்லாம் புகை பிடிக்காதவர்கள்" என்று படிக்கக் கூடாது. மேல்நாடுகளில் அடினோ வருபவர்களிலேயே பெரும்பாலானோர் பிடித்தவர்கள் அல்லது பிடித்து நிறுத்தியவர்கள். ஆசியாவில், குறிப்பாகப் பெண்களில், பிடிக்காதவர்களின் பங்கு அதிகம். அண்ணி அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

29 மே, பிறகு

சிறு செல் வகையில் புகை பிடிக்காதவர் என்பது அபூர்வம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கும் மேல் பிடித்தவர்கள். அந்தச் சீட்டு வந்தால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி எத்தனை வருடமாக என்பதுதான், பிடித்தீர்களா என்பதே இல்லை.

31 மே

இன்று புகையிலை ஒழிப்பு தினம் என்று ஊரெல்லாம் போஸ்டர். இதில் பெரியப்பா விஷயத்தை முடித்துவிடலாம்.

தட்டோன் ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஸேபோலெய் இயற்கையானது, தனாபெட் இலையில் சுற்றியது, மக்காச்சோள மட்டையில் வடிகட்டி வைத்தது, நம் பாட்டிமார்களே பிடித்தார்கள், கம்பெனி சிகரெட்தான் விஷம்." ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை வைத்தே சொல்கிறேன். இலையில் சுற்றினாலும் எரிவது புகையிலைதான். எந்தத் தாவர இலையை எரித்தாலும் தார் வரும், பென்சோபைரீன் என்ற புற்று ரசாயனம் வரும். புகையில் ஏழாயிரத்துக்கு மேல் ரசாயனங்கள், அதில் குறைந்தது எழுபது புற்று உண்டாக்கக் கூடியவை.

ஆனால் சுருட்டுக்கும் சிகரெட்டுக்கும் ஒரு வித்தியாசம் நிஜமாகவே உண்டு. நிழலில் காற்றில் உலர்த்திய சுருட்டுப் புகையிலையின் புகை காரத்தன்மை உள்ளது. அதில் இருக்கும் நிக்கோடின் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும், நெஞ்சுக்குள் இழுக்கத் தேவையில்லை. சூட்டில் உலர்த்திய சிகரெட் புகையிலையின் புகை அமிலத்தன்மை உள்ளது, அது வாயில் அவ்வளவாக ஏறாது, உள்ளே இழுத்தால்தான் போதை. அதனால் சுருட்டுக்காரர்கள் பலர் புகையை வாயில் வைத்து விட்டுவிடுகிறார்கள், அவர்களுக்கு நுரையீரல் ஆபத்து சிகரெட்காரர்களை விடக் குறைவு. இல்லை என்று சொல்லவில்லை, குறைவு. அந்தக் குறைவுக்கு வாயும் தொண்டையும் உணவுக்குழாயும் விலை கொடுக்கின்றன. சிகரெட்டிலிருந்து சுருட்டுக்கு மாறியவர்களோ பழக்கதோஷத்தில் இதையும் நெஞ்சுக்குள் இழுப்பார்கள், அவர்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

ஆந்திரக் கடற்கரையில், விசாகப்பட்டினம் பக்கம், பெண்கள் சுட்டா என்ற சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிப்பார்கள். இங்கே தெலுங்குக்காரர்கள் வீட்டில் வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர்களுக்குப் புற்று வருவது மேலண்ணத்தில், மற்றவர்களுக்கு அரிதாகவே வரும் இடத்தில். நெருப்பும் புகையும் எங்கே போய்ப் படுகிறதோ அங்கேதான் நோய். குன்யா என்று இங்கே மெல்லும் வெற்றிலைச் சுருளும் அப்படித்தான், எங்கள் கூடத்தில் கன்னத்தின் உள்தோல் துண்டுகள் வராத வாரம் கிடையாது. புகையிலை சேர்க்காத வெறும் வெற்றிலை பாக்கையே 2004இல் புற்று உண்டாக்குவது என்று உலகப் புற்று ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்திவிட்டது.

பெரியப்பா எண்பதைத் தாண்டினார், நல்லது. புகை பிடிப்பவர்களில் பெரும்பாலானோருக்கு நுரையீரல் புற்று வருவதில்லை, அதுவும் உண்மைதான். அவர்களில் பலர் அதற்கு முன்பே இதயத்தாலும் மூச்சிரைப்பாலும் போய்விடுகிறார்கள், அவர்கள் கதையை யாரும் டீக்கடையில் உதாரணமாகச் சொல்வதில்லை.

2 ஜூன்

என் சித்தப்பாவைப் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை. ரங்கூனுக்கும் பெகுவுக்கும் இடையில் லைன் பஸ் ஓட்டினார். ஃபில்டர் சிகரெட், ஒன்றை அணைப்பதற்கு முன் அடுத்தது. இருமல் எப்போதும் இருந்ததால் அதை யாரும் நோயாக எண்ணவில்லை. ஒரு மழைக்காலத்தில் பேச்சு மாறிப்போனது. செத்துப்போன பாட்டியைக் கூப்பிட்டார், பஸ் சாவியைச் சோற்றுத் தட்டில் தேடினார். சித்தி பயந்துபோய்க் காளி கோவிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துத் திருநீறு போட்டார். ஏதோ பிடித்திருக்கிறது என்று வீடே நம்பியது, நானும் அப்போது அங்கேதான் இருந்தேன்.

ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு படுபாதாளத்தில் இருந்தது. சிறு செல் புற்று சும்மா கட்டியாக இருக்காது, அது நரம்பு, ஹார்மோன் சார்ந்த குணமுள்ள செல்லிலிருந்து வருவது, தானே ஹார்மோன் சுரக்கும். உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோனை அது கொட்டினால் தண்ணீர் தேங்கி, உப்பு நீர்த்துப்போய், மூளை குழம்பும். சிலருக்கு வேறு ஹார்மோன் வந்து முகம் உப்பும், சர்க்கரை ஏறும். அதனால் நாள்பட்டுப் புகை பிடித்த ஒருவர் திடீரென்று குழம்பிப் பேசினால் சோடியம் பாருங்கள், நெஞ்சுப் படம் எடுங்கள். கோவிலுக்கும் போங்கள், ஆனால் அதற்கு முன் ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அவர் பயாப்ஸி எங்கள் கூடத்துக்குத்தான் வந்தது. முழு நீலம், நசுங்கி இழுத்த நீலம். டாக்டர் கண் வைக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

கீமோ ஏற்றியதும் கட்டி அப்படியே கரைந்தது. வீட்டில் எல்லோரும் கொழுக்கட்டை செய்து கொடுத்தார்கள். சிறு செல்லின் குணமே அதுதான், மருந்துக்கு வேகமாகச் சுருங்கும், வேகமாகத் திரும்பி வரும். கண்டுபிடிக்கும்போதே மூன்றில் இரண்டு பேருக்கு அது வேறு இடத்துக்குப் பரவியிருக்கும், அதனால் ஆபரேஷன் என்ற பேச்சே பெரும்பாலும் எழாது. அடுத்த மழைக்காலம் வரை அவர் இருக்கவில்லை.

3 ஜூன்

புற்றை டிபி என்று நினைத்து ஆறு மாத மாத்திரை கொடுத்த கதைகளை இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்களா? நேற்று இரவு படித்து முடிக்கவே நேரமாகிவிட்டது.

நம் நாட்டில் டிபி அதிகம், டிபி அதிகமுள்ள முப்பது நாடுகளின் உலகப் பட்டியலில் நாமும் இருக்கிறோம். ஆகவே இருமல், எடை குறைவு, சளியில் ரத்தம், எக்ஸ்ரேயில் நிழல் என்றால் டாக்டருக்கு முதலில் டிபி தோன்றுவது நியாயம். எங்கள் தெருவில் ஒருவருக்குச் சளிப் பரிசோதனை செய்யாமலே ஒரு கிளினிக்கில் மாத்திரை ஆரம்பித்தார்கள், சாப்பிட்டு முடித்தும் நிழல் அப்படியே இருந்தது, இன்னும் நீட்டிக்கச் சொன்னார்கள். கடைசியில் சி.டி. எடுத்தபோது பெரிய குழாயை அடைத்துக்கொண்டு ஸ்குவாமஸ். ஸ்குவாமஸ் நடுவில் வருவதால் சீக்கிரமே இருமலையும் ரத்தத்தையும் காட்டும், நடுவிலேயே அழுகிக் குழிவிழவும் செய்யும். அந்தக் குழி எக்ஸ்ரேயில் டிபி குழி மாதிரியே தெரியும்.

எனவே சளியில் கிருமி தெரிந்தால் மாத்திரையைத் தவறாமல் முடியுங்கள், அதில் விளையாட வேண்டாம். கிருமி இல்லை, இரண்டு மாதம் ஆகியும் நிழல் குறையவில்லை, அதோடு ஆள் புகை பிடிப்பவர் என்றால் சி.டி.யும் பயாப்ஸியும் கேளுங்கள். இரண்டு நோயும் ஒன்றாக இருப்பவர்களும் உண்டு. பழைய டிபி தழும்பு உள்ளவர்களுக்குப் புற்று வாய்ப்பு கூடுதல் என்பதும் தெரிந்த விஷயம்.

5 ஜூன்

"நான் லைட் சிகரெட்தான், தார் குறைவு" என்று ஒருவர். இதைத்தான் நான் பேச நினைத்துக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் அடினோ கதையின் நடு முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

1950களில் சிகரெட்டால் புற்று என்று செய்தி வந்ததும் கம்பெனிகள் ஃபில்டர் வைத்தன. 1950இல் இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நுரையீரல் புற்று வந்த 649 ஆண்களைப் பார்த்தபோது புகை பிடிக்காதவர் இரண்டே பேர். அதன் பிறகு ஜனங்கள் பயந்தது இயல்பு, பயத்துக்கு மருந்தாக வந்ததுதான் ஃபில்டர். அப்புறம் ஃபில்டரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் போட்டு, தார் குறைவு என்று அச்சடித்தார்கள். அளந்தது மெஷின். மெஷின் ஒரே சீராக இழுக்கும், ஓட்டை வழியாகக் காற்று கலந்து தார் குறைவாகக் காட்டும். மனிதனுக்கு வேண்டியது நிக்கோடின். குறைந்தால் ஆழமாக, நீளமாக, அடிக்கடி இழுப்பான், விரலால் ஓட்டையையும் மூடிவிடுவான். பழைய ஃபில்டர் இல்லாத சிகரெட்டின் கரடுமுரடான புகை பெரிய குழாய்களிலேயே பெரும்பாலும் படிந்தது, அங்கே ஸ்குவாமஸ் வந்தது. இந்த மெல்லிய புகை நுரையீரலின் ஓரம் வரை இறங்கியது, அடினோ பிறக்கும் இடத்துக்கு. அதோடு புகையிலையில் நைட்ரோசமைன் என்ற பொருளின் அளவும் கூடியது, அதில் என்.என்.கே. என்பது விலங்குகளில் அடினோ உண்டாக்குவது.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஸ்குவாமஸ்தான் முதலிடம், பின்னால் அடினோ அதைத் தாண்டிவிட்டது. சிகரெட் வடிவமைப்பில் 1950களுக்குப் பிறகு வந்த மாற்றங்கள் அடினோ ஆபத்தைக் கூட்டின என்று 2014 சர்ஜன் ஜெனரல் அறிக்கையே முடிவு சொல்லிவிட்டது. 1964இல் தயங்கியதும் இதே அறிக்கை வரிசைதான்.

தம்பி, இதை அண்ணனுக்குப் படித்துக் காட்டு. புகைக்குச் சம்பந்தமில்லாதது என்று அவன் சொல்லும் அதே வகையைத்தான் அவன் பாக்கெட்டில் இருக்கும் சிகரெட் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

6 ஜூன்

காரட் மாத்திரை, பீட்டா கரோட்டின் சாப்பிட்டால் தடுக்குமா என்ற கேள்விக்கு: புகை பிடிப்பவர்கள் அதை மாத்திரையாகச் சாப்பிடவே கூடாது. 1994இல் பின்லாந்தில் 29,000 ஆண்களிடம் சோதித்தார்கள், தடுப்பதற்குப் பதிலாக நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு சோதனையை 1996இல் பாதியில் நிறுத்தினார்கள். காரட்டைக் கூட்டு வைத்துச் சாப்பிடுங்கள், அதில் ஒன்றும் இல்லை.

9 ஜூன்

இன்று எழுதுவதற்கு முன் ரொம்ப யோசித்தேன். தனிச்செய்தியில் தம்பி கேட்டிருக்கிறான், அனுமதி வாங்கிக்கொண்டு இங்கே பதில் போடுகிறேன்: "அண்ணன் வீட்டுக்குள்ளேயே பிடிப்பான். அண்ணிக்கு வந்தது அதனாலா?"

1981இல் ஜப்பானில் ஹிராயாமா என்பவர், புகை பிடிக்காத மனைவிமார்களைக் கணவர் பிடிக்கும் அளவை வைத்துப் பிரித்துப் பார்த்தார். கணவர் அதிகம் பிடித்தால் மனைவிக்கு நுரையீரல் புற்றுச் சாவு அதிகம். அதற்குப் பிறகு நடந்த ஆய்வுகள் எல்லாம் சேர்த்து, பக்கத்தில் இருப்பவர் சுவாசிக்கும் புகை ஆபத்தை 20 முதல் 30 சதவீதம் கூட்டுகிறது என்று நிற்கிறது. கூட்டுகிறது என்பது நிச்சயம். ஆனால் ஒரு தனி ஆளுக்கு வந்ததை எடுத்து "இது இதனால்தான்" என்று ஸ்லைடு சொல்லாது. அண்ணி சமைத்த கரி அடுப்பு இருக்கிறது, கரண்ட் போனதிலிருந்து நம் வீடுகளில் பாதி மறுபடி கரிக்குத் திரும்பிவிட்டது. தெருவின் டீசல் புகை இருக்கிறது, வெளிக்காற்று மாசையும் 2013இல் புற்று உண்டாக்குவது என்று வகைப்படுத்தினார்கள். ஒன்றுமே இல்லாமல் வருவதும் உண்டு.

முதலில் இதை அண்ணனிடம் சொல்லாதே என்று எழுதி வைத்திருந்தேன். பிறகு அதை எடுத்துவிட்டேன். சொல்ல வேண்டும், ஆனால் குற்றம் சாட்டுவதற்காக வேண்டாம், இன்று முதல் வீட்டுக்குள் பிடிக்காமல் இருப்பதற்காகச் சொல். அண்ணி எதிரில் சொல்லாதே. வைத்தியத்தில் இருக்கிற பெண் வீட்டில் சண்டையைக் கேட்கக் கூடாது.

இன்னொன்று, இது எல்லோருக்கும். புகை பிடிக்காத பெண்ணுக்கு நுரையீரல் புற்று என்றதும் சொந்தக்காரர்கள் "திருட்டுத்தனமாகப் பிடித்தாளோ" என்று பேசுவதைக் காதால் கேட்டிருக்கிறேன். பிடித்தவருக்கு வந்தாலும் "நன்றாக வேண்டும்" என்று பேசுகிறார்கள். இரண்டும் பாவம். பதினாறு வயதில் கல்யாண வீட்டுத் தட்டில் வைத்து நீட்டிய சிகரெட்டை எடுத்தவன் அவன், தட்டை நீட்டியது நாம்.

10 ஜூன்

துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் ஆஸ்பெஸ்டாஸ் பற்றிக் கேட்கிறார். பழைய கப்பல், கூரை ஓடு, கொதிகலன் சுற்று, இதெல்லாம் உடைத்தவர்கள் கவனிக்க வேண்டும். 1979இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஆஸ்பெஸ்டாஸ், புகை இரண்டும் இல்லாதவரை ஒன்று என்று வைத்தால், ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் பட்டவருக்கு நுரையீரல் புற்றுச் சாவு ஐந்து மடங்கு, புகை மட்டும் பிடித்தவருக்குப் பதினொன்று, இரண்டும் சேர்ந்தவருக்கு ஐம்பத்துமூன்று. ஐந்தும் பதினொன்றும் கூட்டவில்லை பாருங்கள், பெருக்கின மாதிரி இருக்கிறது. நுரையீரலின் மேலுறையில் வரும் மீசோதெலியோமா வேறு நோய். அது ஆஸ்பெஸ்டாஸால் வருவது, புகை அதைக் கூட்டுவதில்லை. புகைக்குத் தொடர்பில்லாத வகை வேண்டுமென்றால் அதைச் சொல்லலாம், கார்சினாய்டு என்ற மெதுவாக வளரும் கட்டியையும் சொல்லலாம். அடினோவை அந்த வரிசையில் சேர்க்க முடியாது.

14 ஜூன்

"நாற்பது வருடம் பிடித்தாயிற்று, இனி விட்டு என்ன பயன்" என்று தட்டோன் ஐயா. கோபமாக எழுதினாலும் கேட்டாரே, அதுவே எனக்குச் சந்தோஷம்.

டால் 1951இல் இங்கிலாந்து டாக்டர்களையே எடுத்து ஐம்பது வருடம் பின்தொடர்ந்தார், முடிவு 2004இல் வந்தது. விடாமல் பிடித்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகப் போனார்கள். முப்பது வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் ஏறக்குறையத் திரும்பக் கிடைத்தது, நாற்பதில் விட்டால் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதிலும் மூன்று. மூன்று வருடம் என்பது பேத்தி பள்ளிக்கூடம் சேர்வதைப் பார்க்கும் காலம் ஐயா.

வகைவாரியாகப் பார்த்தால், நிறுத்தியதும் சிறு செல், ஸ்குவாமஸ் ஆபத்து வேகமாக இறங்குகிறது, அடினோ ஆபத்து மெதுவாக. விட்டுப் பல வருடம் ஆனவருக்கும் அடினோ வருவதற்கு இதுதான் காரணம், "விட்டும் வந்துவிட்டதே" என்று இதை வைத்து மனம் உடைய வேண்டாம். எத்தனை சிகரெட் என்பதை விட எத்தனை வருடம் என்பது அதிகம் தீர்மானிக்கிறது. தினம் ஐந்துதான் என்று முப்பது வருடம் பிடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் கடைகளில் ஒற்றையாக வாங்குகிறவர்கள் எல்லோரும் தாங்கள் குறைவாகப் பிடிப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நானும் பிடித்தவன்தான், சித்தப்பா போன பிறகு விட்டேன். முதல் சில நாள் பல்லைக் கடிக்க வேண்டும், நிக்கோடின் பசை மிட்டாய் கிடைத்தால் வாங்கி மெல்லுங்கள், டீக்கடையில் வழக்கமான நாற்காலியை மாற்றுங்கள். இன்னும் மழை பெய்து நின்றதும் கை சட்டைப்பைக்குப் போகும்.

15 ஜூன்

நேற்று விட்டுப்போனது. வருடா வருடம் எக்ஸ்ரே எடுத்துக்கொள்கிறேன், அதனால் பயமில்லை என்பவர்களுக்கு: எக்ஸ்ரே பரிசோதனை நுரையீரல் புற்றுச் சாவைக் குறைப்பதில்லை என்று பெரிய ஆய்விலேயே தெரிந்துவிட்டது. குறைந்த கதிர் சி.டி. குறைக்கிறது. 2011இல் அமெரிக்காவில் 53,000 பேரிடம் செய்த ஆய்வில் 20 சதவீதம் குறைந்தது. அங்கே இப்போது 50 முதல் 80 வயதுக்குள், தினம் ஒரு பாக்கெட் கணக்கில் இருபது வருடம் பிடித்தவர்களுக்கு அதைச் சொல்கிறார்கள். அதிலும் ஓரத்தில் மெதுவாக வளரும் அடினோதான் நன்றாகச் சிக்கும். சிறு செல் ஒரு சி.டி.க்கும் அடுத்த சி.டி.க்கும் நடுவில் வளர்ந்து முடித்துவிடும். வருடாந்தரப் படம் எடுத்துக்கொண்டே பிடிக்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டால், சித்தப்பாவுக்கு வந்த வகை அந்தக் கணக்கில் அடங்காது.

20 ஜூன்

அண்ணி விஷயம். வகை தெரிந்துகொள்வதால் நிஜமான பயன் இங்கேதான். அடினோ என்று வந்தால் அடுத்த கேள்வி மரபணு மாற்றம் இருக்கிறதா என்பது. இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் வரும் மாற்றத்தை 2004இல் கண்டுபிடித்தார்கள். ஆசியாவில் அடினோ வருபவர்களில் பாதிப் பேருக்கு நெருக்கமாக இது இருக்கிறது, புகை பிடிக்காத பெண்களில் இன்னும் அதிகம். இருந்தால் மாத்திரை வைத்தியம் உண்டு, ஜெஃபிடினிப், ஓசிமெர்டினிப் மாதிரி. பத்தில் ஏழு பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்குகிறது. நோய் பரவிய நிலையில் அது வேரோடு போவதில்லை, பின்னால் மருந்துக்குப் பழகிவிடும், ஆனாலும் நல்ல வருடங்கள் கிடைக்கின்றன. அதனால் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்காமல் கீமோவை அவசரமாக ஆரம்பிக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

புகை பிடித்தவர்களுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு, "நீ பிடித்தவன், உனக்கு இருக்காது" என்று ஒதுக்க விடாதீர்கள். அவர்களுக்கு கேராஸ் என்ற மரபணுவில் மாற்றம் அதிகம் வரும், அதில் ஒரு வகைக்கு 2021 முதல் மாத்திரை இருக்கிறது.

27 ஜூன்

தம்பி, பிளாக் பற்றிக் கேட்டிருந்தாய். பயாப்ஸி துண்டை ஃபார்மலினில் போட்டு, பிறகு மெழுகில் பதித்து வைப்பார்கள், அந்த மெழுகுக் கட்டிதான் பிளாக். ஸ்லைடு மட்டும் வாங்கி வந்தால் மரபணுப் பரிசோதனைக்குப் போதாமல் போகலாம், பிளாக்கையே எழுதிக் கொடுத்துக் கேள், குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். ரங்கூனில் செய்ய முடியாவிட்டால் பாங்காக்குக்கோ சென்னைக்கோ அனுப்பலாம். துண்டு சின்னதாக இருந்தால் முதலில் வேறு சாயங்களுக்கு வெட்டித் தீர்த்துவிடாமல் மரபணுவுக்கு ஒதுக்கச் சொல். பையில் வெயில் படாமல் எடுத்துப் போ, மெழுகு உருகும். பிளாக்கின் மேல் எழுதிய எண்ணும் அறிக்கைச் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கவுன்டரிலேயே நின்று பார்த்துவிட்டு நகர். அண்ணன் கூட வருகிறான் என்றாயே, கையெழுத்து அவனே போடட்டும். பாங்காக் முடிவு வந்ததும் இங்கே எழுது.